வளையம் காட்டிய பக்கம்

இரவு பதினொன்று இருபது. சந்தவாசல் தாண்டி, மலையடிவாரத்துக்குப் பிரிகிற மண்பாதை. ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. காரை ஓரங்கட்டிவிட்டு, கையில் ஒரு செம்பு வளையத்தோடு நடுப்பாதையில் நின்றுகொண்டிருந்தார் அனந்தகுமார். சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரு வளையம். அதன் அடியில் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு நீளம்... இரண்டு குறுக்கம். ஒரு நீளம்... இரண்டு குறுக்கம்.

அந்தச் சத்தத்தை அனுப்ப வேண்டியவன் செத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் அமர்நாத்தின் பெரியப்பாவுக்கு நடந்தது. அமர்நாத் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் வாயைத் திறக்கிறேன். அவன் இருந்தால் பாதியில் எழுந்து போய்விடுவான்.

அனந்தகுமார் என்றால் ஆரணியில் பாதிப் பேருக்குத் தெரியாது. நைனார் சார் என்றால் தெரியும். பஜாரில் எலக்ட்ரானிக்ஸ் கடை. பரம்பரையான ஜைனக் குடும்பம், நைனார் என்பது அவர்கள் பட்டம். பொழுது சாய்ந்தால் பல்லில் ஒரு பருக்கை படாது. விளக்கைத் தேடி வருகிற பூச்சி சோற்றில் விழுந்து செத்துவிடக் கூடாது என்று வைத்த நியமம். ஐம்பத்தாறு வயது வரைக்கும் ஒருநாள்கூட அதை அவர் மீறியதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஐந்தரைக்கே இலை போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஹாம் ரேடியோ. லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுகிற பைத்தியம். அவரைப் போல நாலைந்து பேர் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஒருவன் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரோடு எங்காவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும். அது தானாக அந்தச் சத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் வளையத்தை வைத்து அவனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சத்தத்தை வைத்து இல்லை. மௌனத்தை வைத்து.

வளையத்தைக் கையில் பிடித்துச் சுற்றினால், அதன் விளிம்பு ஒளிந்திருப்பவனைப் பார்க்கும்போது சத்தம் உச்சத்தில் இருக்கும். உச்சத்தை நம்ப முடியாது, அது எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று காதுக்குப் பிடிபடாது. வளையத்தின் முகம் அவனைப் பார்க்கும்போதுதான் விஷயம். அலை வளையத்தின் இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் மோதும். இந்தப் பக்கம் எழுந்ததை அந்தப் பக்கம் எழுந்தது தின்றுவிடும். சட்டென்று ஒரு மௌனம் விழும். அந்த மௌனம்தான் திசை.

ஆனால் முகம் என்றால் வளையத்துக்கு முன்னாலும் முகம், பின்னாலும் முகம். அவன் அந்தக் கோட்டில் இருக்கிறான் என்று வளையம் சொல்லும். கோட்டின் எந்த முனையில் என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வளையத்தின் பக்கத்தில் ஒரு முழக் கம்பியைத் திருகி நிறுத்த வேண்டும். கம்பியை மாட்டினால் ஒரு பக்கம் உரக்கக் கேட்கும், எதிர்ப்பக்கம் செத்துவிடும். அப்போது தெரிந்துவிடும்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒளிந்துகொள்ளப் போனவன் எல்லப்பன். கேபிள் டிவி ஆள். மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்குப் பூனை மாதிரித் தாவுவான். கிளம்பும்போது வழக்கம் போலச் சீண்டினான்.

"நைனார் சார், நான் ஒளிஞ்சா எங்க ஊட்டுக்காரியே கண்டுபுடிக்க மாட்டா. நீங்க அந்தத் தோசக்கல்ல வெச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?"

அவனிடம் ஒரு தந்திரம் இருந்தது. அவன் கட்டுவது டைபோல் என்கிற ஏரியல். பத்து மீட்டர் கம்பி இந்தப் பக்கம், பத்து மீட்டர் கம்பி அந்தப் பக்கம், நடுவில் இணைப்பு. இரண்டு மரத்துக்கு நடுவே கொடிக்கயிறு போல இழுத்துக் கட்டுவான். டைபோல் தன் இரண்டு பக்கவாட்டிலும்தான் நன்றாகப் பேசும். இரண்டு நுனிகளின் திசையில் முணுமுணுக்கும். நுனியைச் சாலைப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டால், சாலையில் நிற்பவனுக்கு ஒன்றும் சரியாகக் கேட்காது. மௌனத்தையும் பிடிக்க முடியாது, மழுங்கலாக விழும்.

அப்படித்தான் ஆயிற்று. மத்தியானத்திலிருந்து சுற்றியும் கிடைக்கவில்லை. மற்ற மூன்று பேரும் சலித்துப் போய்ச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்கள். அனந்தகுமாருக்கு முதல் நாள் சதுர்தசி, முழு உபவாசம். காலையில் ஒரு டம்ளர் கஞ்சியோடு கிளம்பியவர். காரில் மனைவி திரிசலா கட்டிக்கொடுத்த சாப்பாடு இருந்தது.

ஐந்து இருபத்தைந்துக்கு ஒன்று நடந்தது. முணுமுணுத்துக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று உரக்க எழுந்தது. அவர் வளையத்தைத் திருப்பினார். மௌனம் கத்தியால் வெட்டியது போல விழுந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த நாலு பேரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கிடையாகக் கட்டிய கம்பி அப்படிப் பேசாது. கம்பி அறுந்து செங்குத்தாகத் தொங்கினால்தான் அப்படிப் பேசும்.

கழற்றுகிறான் போல என்று நினைத்துக்கொண்டார். பொழுது போகிறது, மூட்டை கட்டுகிறான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் மூட்டை கட்டுகிறவன் முதலில் டிரான்ஸ்மிட்டரை அல்லவா அணைப்பான்... அது அணையவில்லை. ஒரு நீளம், இரண்டு குறுக்கம்.

எந்தப் பக்கம் சார் என்று அந்த மூன்று பேரில் ஒருவரான ஜெயக்குமார் கேட்டார். கோட்டின் ஒரு முனை மலை. கைவிட்ட கல்குவாரி இருக்கிற பக்கம். ஏறி இறங்கி வர இரண்டு மணி நேரம். மறுமுனை சாலை, கார், சாப்பாடு. சூரியன் மரத்தளவுக்கு இறங்கியிருந்தது. பக்கம் காட்டுகிற அந்த முழக் கம்பி அவருடைய தோள்பையில்தான் இருந்தது. எடுத்துத் திருக அரை நிமிடம் ஆகாது.

அவர் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்றால், அது எதைக் காட்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"ரோட்டுப் பக்கந்தான் காட்டுது. நீங்கள்லாம் கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர்கள் போய்விட்டார்கள். அவர் காரில் உட்கார்ந்து சாப்பிட்டார். இருட்டிய பிறகு சாலையோரத்தில் பேருக்கு டார்ச் அடித்துப் பார்த்தார். வண்டியை எடுத்துக்கொண்டு எப்போதோ போயிருப்பான் என்று எட்டு மணிக்கு வீட்டுக்குத் திரும்பினார். ஒன்பதரைக்கு எல்லப்பனின் மனைவி ஆதிலட்சுமி போன் செய்தாள். இன்னும் வரவில்லையே என்றாள்.

மறுநாள் காலை குவாரிப் பள்ளத்தில் கிடந்தான். முறிந்த கிளையும் கம்பியும் அவன் மேல் கிடந்தன. போன் பாறையில் சிதறியிருந்தது. இடுப்பெலும்பு போயிருந்தது. உடனே செத்திருக்க மாட்டான், ராத்திரி பத்து மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று பரிசோதித்த டாக்டர் சொன்னார்.

வளையம் தப்பாகக் காட்டிவிட்டது என்று அனந்தகுமார் சொன்னார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கருவிதானே, தப்பாகக் காட்டும். ஆனால் சாவு வீட்டில் யார் தலையிலாவது அந்தச் சாவைக் கட்ட வேண்டும் அல்லவா. ஐந்து இருபத்திரண்டுக்கு ஆதிலட்சுமி அவனுக்கு ஒரு போன் செய்திருந்தாள். வீட்டுக்கு வரும்போது தன் பட்டுத்தறிக்கு ஊடை நூல் வாங்கி வரச் சொல்லி. கிளையில் நின்றுகொண்டு போனை எடுத்திருக்கிறான், கை நழுவியிருக்கிறது. போதாதா? நீதான் கூப்பிட்டுக் கொன்றாய் என்று மாமியார் பிணத்தின் தலைமாட்டிலேயே சொன்னாள். தெருவும் அதையே சொன்னது. ஆதிலட்சுமியும் அதையே நம்பினாள். தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். யாரிடமும் பேச மாட்டாள். கையில் போனைத் தொடுவதில்லை.

அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ கூப்பிட்டதால் விழுந்திருக்கலாம் அம்மா, விழுந்ததால் அவன் சாகவில்லை, நான் வராததால்தான் செத்தான் என்று. சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் கருமாதிக்குப் போய்ப் பணம் வைத்துவிட்டு வந்தார்.

மாதங்கள் ஓடின. கார்த்திகை பிறந்தது.

ஒரு சாயந்திரம் திரிசலா தட்டு வைத்தாள். அவர் சோற்றில் கை வைத்தார். பக்கத்து அறையில் ரேடியோ பேசியது. ஒரு நீளம்... இரண்டு குறுக்கம்.

கை அப்படியே நின்றது. எழுந்து போய் அணைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அறையில் மறுபடியும் சத்தம். ரேடியோவின் விளக்கு தானாக எரிந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினார். அலமாரியில் கிடந்த சின்னப் பெட்டி, வளையத்தோடு சேர்ந்தது, அது பேச ஆரம்பித்தது. அதில் பேட்டரியே இல்லை.

அவருக்கு மட்டும் கேட்டது என்று நினைக்காதீர்கள். திரிசலாவுக்கும் கேட்டது.

"யாருங்க அது, சோறு துன்ற நேரம் பார்த்து டெய்லி கூப்புடறது?" என்றாள் நாலாம் நாள்.

தட்டில் கை வைத்தால் தொடங்கும். இரவு பத்து மணிக்கு நிற்கும். சொல்லி வைத்தாற்போல் பத்து மணி. சாயந்திரச் சாப்பாடு அவருக்கு இறங்குவது நின்றது. அப்புறம் பகல் சாப்பாடும் குறைந்தது. கன்னம் ஒட்டிவிட்டது. உடம்புக்கு என்ன என்று கடையில் கேட்டவர்களுக்கு விரதம் என்று சொன்னார்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள்... பத்து மணி அடித்தது. சத்தம் நிற்கவில்லை.

பத்தரைக்கும் நிற்கவில்லை. அவர் எழுந்தார். சின்னப் பெட்டியையும் வளையத்தையும் எடுத்துக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று திரிசலா கேட்பதற்குள் காரை எடுத்துவிட்டார். குவாரியில் இருக்கிறான், இன்னும் அங்கேயே இருக்கிறான், இந்தத் தடவையாவது போய்ப் பார்த்துவிடுவோம்... அவ்வளவுதான் அவர் மனசில்.

அப்படி வந்துதான் பதினொன்று இருபதுக்கு அந்த மண்பாதையில் நின்றார்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஈரக் கல் வாடை. அறுத்த செம்புக் கம்பியை நக்கினால் நாக்கில் ஒரு கசப்பு நிற்குமே... காற்றில் அந்தக் கசப்பு. வளையத்தை மெல்லச் சுற்றினார். சத்தம் ஏறியது, இறங்கியது. மௌனம் விழுந்தது. கத்தி போல. ஒரு முனை குவாரி. அதே கோடு.

பள்ளத்துக்குள் ஏதோ இழுபட்டது. கல் மேல் கம்பி உரசுகிற சத்தம். சர்ர்... நின்றது. சர்ர்...

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பையில் கையை விட்டு, பத்து மாதத்துக்கு முன்னால் எடுக்காத அந்தக் கம்பியை எடுத்துத் திருகினார். திருகுவதற்கு அரை நிமிடம் ஆகவில்லை. வளையத்தைக் குவாரிக்குக் காட்டினார்.

ஒன்றுமில்லை. செத்த மௌனம்.

திருப்பி ஆரணிப் பக்கம் காட்டினார். காது கிழிகிற மாதிரிக் கேட்டது.

அங்கே இல்லை. அவன் ஊருக்குள் போய்விட்டான்.

வழியில் நாலு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். நாலு இடத்திலும் முன்னால்தான் காட்டியது. ஆற்றுப் பாலத்தில் காட்டியது. பஜார் முனையில் காட்டியது. பட்டுச் சாயம் கழுவிய தண்ணீர் ஓடுகிற ஒரு சந்துக்குள் கொண்டுபோய்விட்டு, ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் நின்றது. எல்லப்பனின் வீடு.

கதவைத் தட்ட அவருக்குத் தைரியம் இல்லை. காருக்குள் உட்கார்ந்திருந்தார். பெட்டி மடியில் பேசிக்கொண்டே இருந்தது. ஒரு மணி. இரண்டு மணி. மூன்று மணி. உள்ளே விளக்கு இல்லை. ஆனால் ஆள் பேசுகிற மாதிரி ஒரு தாழ்ந்த குரல், இடையிடையே... கேட்டதா, கேட்டதாக நினைத்தாரா, அது அவருக்கே தெரியாது.

நாலரைக்குத் தாழ்ப்பாள் விலகியது. அந்த நொடியில் பெட்டி நின்றது.

ஆதிலட்சுமி வாசல் தெளிக்க வாளியோடு வந்தாள். காரிலிருந்து இறங்கி நின்றவரைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"வாங்க சார்" என்றாள். அப்புறம், யாரும் கேட்காமலே, தினமும் தனக்குள் சொல்லிக்கொள்கிறதை உரக்கச் சொல்வது போல, "அன்னிக்கி நான் போன் பண்ணாத இருந்திருந்தா இன்னேரம் இருந்திருப்பாரு இல்ல சார்?" என்றாள்.

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். சத்தம் உரக்க எழுந்தது, மௌனம் கூர்மையாக விழுந்தது, பையில் கம்பி இருந்தது. தெரிந்துதான் சாலைப் பக்கம் என்று சொன்னேன் என்றார். வளையம் பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்றார். பொழுது போவதற்குள் சாப்பிட வேண்டியிருந்தது என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகு, அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று அவருக்கே கேட்டது.

அவள் அழவில்லை. வாளியைக் கீழே வைத்தாள். எதிர் வீட்டில் யாரோ தறி மிதிக்க ஆரம்பித்திருந்தார்கள். நாலைந்து அடி ஓடி நின்றது.

"எத்தினி மணிக்கி சாப்டீங்க?"

"அஞ்சே முக்கா."

"இன்னா சாப்டீங்க?"

வகுப்பில் எழுந்து நிற்கிற பையனைப் போல அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எலுமிச்சம் சோறு. வாழைக்காய் வறுவல். ஒரு டம்ளர் மோர்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

அவள் தலையை லேசாக ஆட்டினாள். இல்லை என்பது போல.

"கொய்யாப்பழம் ஒண்ணு இருந்துச்சே சார். ரெண்டா புட்டீங்க. உள்ள ஒரு புழு. நசுங்கிடப் போவுதுன்னு வெரல்ல ஏந்திகினு, காரவுட்டு எறங்கிப் போயி, ஓரத்துல ஒரு எல மேல வுட்டீங்க. அது நவுந்து போற வரைக்கும் நின்னு பாத்துகினு இருந்தீங்க."

திரிசலாவிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. அந்தச் சாலையில் அப்போது ஒரு ஈ, காக்கை இல்லை.

யார் சொன்னது என்று கேட்க வாயைத் திறந்தார். ஆதிலட்சுமி வாளியைத் தூக்கினாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் பாரம் இல்லை. அவர் தோளுக்கு மேலே பார்த்தபடி, வீட்டு ஆளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"வாசத் தெளிக்கணும். ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."